ஓரப்பூண்டும் பிரமுகர் வருகையும்

மனிதகுலம் தயவுசெய்து ஒரு நிமிடம் எழுந்து நிற்கவும்.

"உயிர்கள் தோன்றிய நாள்முதல் உடலுக்குள் ஓயாமல் நடந்துவந்த உள்நாட்டுப் போர், அருப்புக்கோட்டை - திருச்சுழி சாலையில், பதினோராவது கிலோமீட்டர் கல்லுக்கு எதிரே, இன்று காலை பத்தரை மணியளவில் முடிவுக்கு வந்தது."

2041ஆம் ஆண்டு தென்மண்டலத் தாவர மூலக்கூறு உயராய்வு மையம் வெளியிட்ட செய்திக்குறிப்பு இப்படித்தான் தொடங்கியது. மொத்தம் நான்கு பக்கம். இயக்குநர் டாக்டர் அ. திருமேனிநாதனின் பெயர் அதில் பத்தொன்பது இடங்களில் வந்தது. கண்டுபிடித்த மூலக்கூறுக்கு 'திருமேனின்' என்று பெயர் வைத்திருந்ததால், அதையும் கணக்கில் சேர்த்தால் நாற்பதைத் தாண்டும். மூலக்கூறு எந்தச் செடியிலிருந்து வந்ததோ அதன் பெயர் ஒரே ஓர் இடத்தில், அடிக்குறிப்பில் வந்தது. மருந்தைச் சாப்பிட்டு உயிரோடிருக்கும் ஆளின் பெயர் வரவேயில்லை. 'ஒரு நோயாளி' என்று போட்டிருந்தார்கள்.

அந்த ஒரு நோயாளியின் பெயர் சவரிமுத்து. வயது முப்பத்தாறு. தொழில் மைக்செட். காதுகுத்து, கட்சிக் கூட்டம், சப்பரத் திருவிழா எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் அவருடைய குழாய்தான் கட்டுவார்கள். மையத்தின் விழாக்களுக்கும் அவர்தான். போர் முடிந்த சேதியை இயக்குநர் உலகத்துக்குச் சொன்ன மைக்கும் அவருடையது. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று இயக்குநருக்கு முன்னாலேயே அவர் மனிதகுலத்திடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தார். அதைச் செய்திக்குறிப்பு கண்டுகொள்ளவில்லை.

சவரிமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்ட நிலையில், ஒன்றைக் கொடுத்தவர் அவருடைய அக்கா அருள்மேரி. அருள்மேரி அதே மையத்தில் காண்ட்ராக்ட் துப்புரவுப் பணியாளர். கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஊரெல்லாம் சாப்பிடும் மாத்திரைகள் சவரிமுத்துவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை நுரையீரல் முழுக்கச் சளி கட்டி, பிழைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது. அப்போதுதான் மையத்தின் நோயெதிர்ப்பு ஆய்வாளர் டாக்டர் ஷாஹிதா பானு, புது மருந்தைச் சோதித்துப் பார்க்கச் சம்மதமா என்று கேட்டு, அக்காவையும் தம்பியையும் எதிரே உட்காரவைத்து விளக்கினார்.

"உடம்புல காவலுக்குன்னு சில அணு சுத்திக்கிட்டே இருக்கும்கா. சின்னதா இருக்கிற வரைக்கும் வேடிக்கை பாத்துக்கிட்டு, கிடைச்சதைத் தின்னுக்கிட்டுத் திரியும். யார் வம்புக்கும் போகாது. ஒரு கட்டத்துல அது முதிர்ச்சி அடைஞ்சிரும். அடைஞ்சதும் நேரா மேலிடத்துக்குப் போயி, உள்ள ஒரு அந்நியன் இருக்கான்னு மனு குடுக்கும். படை கிளம்பிரும்."

"பிரமோசன் வந்தா எல்லாப் பயலும் அப்படித்தான டாக்டரம்மா" என்றார் அருள்மேரி. "எங்க சூப்ரவைசரு மம்பட்டி பிடிச்ச வரைக்கும் தங்கமான ஆளு."

"அதேதான். இந்தச் செடியில உள்ள சத்து அந்த பிரமோஷனை நிறுத்தி வைக்குது. அணு சாகாது, அதோட வேலையும் போகாது. ஆனா கடைசி வரைக்கும் முதிராது. மனுவும் குடுக்காது."

"அது சரி, கூடப்பிறந்தவ குடுத்ததைப் போயி அந்நியன்னு சொல்லுதாக்கும் இவன் உடம்பு?"

"அதுக்குச் சொந்தபந்தம் தெரியாதுக்கா."

"எங்க சித்தப்பா மகன்ட்ட வளந்திருக்கும்" என்றார் சவரிமுத்து.

மருந்து வேலை செய்தது. சவரிமுத்துவின் கையில் ஒட்டியிருந்த பட்டை, ரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவை மணிக்கொரு தரம் காட்டும். படித்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அருள்மேரிக்கு அந்த எண்களில் நம்பிக்கையில்லை. அவர் தினமும் விடிந்ததும் தம்பியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"போச்சாடா?"

"போச்சுக்கா."

அதோடு அவருக்கு அன்றைய பொழுது நல்லபடியாகத் தொடங்கிவிடும். தன் சிறுநீரகம் தம்பிக்குள் ஒழுங்காக டூட்டி பார்க்கிறதா என்று விசாரிக்க அவருக்கு உரிமை உண்டுதானே.

இனி அந்தச் செடி. ஊரில் அதற்கு ஓரப்பூண்டு என்று பெயர். சாலையோரத்தில் வளர்வதால் அந்தப் பெயர். ஆடு திங்காது, மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மையத்தின் வாசலிலிருந்து ஆய்வுக்கூடம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர் தார்ச்சாலைக்கு இரண்டு பக்கமும் அது மண்டிக் கிடந்தது. குளிரூட்டிய கண்ணாடி வீட்டில், சொட்டுநீர், கணினிக் கண்காணிப்பு எல்லாம் வைத்து வளர்த்த ஓரப்பூண்டில் திருமேனின் மருந்துக்கும் இல்லை. சாலையோரத்தில் நாய் கால் தூக்கிய செடியில் ஏராளமாக இருந்தது.

இதற்கு இயக்குநரிடம் விளக்கம் இருந்தது. அவரிடம் விளக்கம் இல்லாத பொருள் உலகில் இல்லை. "இது இந்த மண்ணின் தொன்மை. இரண்டாயிரம் ஆண்டுகளின் நினைவு இந்தக் கரிசலில் இருக்கிறது. கண்ணாடி வீட்டுக்கு நினைவு கிடையாது" என்று கருத்தரங்குகளில் சொன்னார். சாலை போட்டபோது அந்தக் கரிசலை வாரி எடுத்துவிட்டு, நாலு ஊர் தள்ளியிருந்து செம்மண் கொட்டியிருந்தார்கள் என்பது கொட்டிய லாரி டிரைவருக்குத் தெரியும். அவரைக் கருத்தரங்குக்கு அழைக்கவில்லை.

மருந்தின் புகழ் பரவியதும், முன்பு எப்போதாவது எட்டிப் பார்த்த பிரமுகர்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். ஒரே வருஷத்தில் ஒன்பது அமைச்சர்கள், மூன்று வெளிநாட்டுத் தூதர்கள். பிரமுகர் வருகை என்றால் நம் ஊரில் என்ன நடக்குமோ அது நடந்தது. மரங்களுக்கு இடுப்பு வரை வெள்ளை அடித்தார்கள். முதல் நாள் சாயங்காலமே அருள்மேரியும் இன்னும் மூன்று பெண்களும் ஆளுக்கொரு தட்டுக்கூடையோடு சாலையின் இரண்டு ஓரமும் ப்ளீச்சிங் பவுடரை வெள்ளைக் கோடாகத் தூவிக்கொண்டே போனார்கள். எதற்காக அதைத் தூவுகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. நிலாவில் கட்டடம் கட்டுகிற காலத்திலும் அந்த வேலைக்கு மட்டும் இயந்திரம் வரவில்லை. ஒருமுறை வரவழைத்துப் பார்த்தார்கள். இயந்திரம் போட்ட கோடு மிகவும் நேராக இருந்தது. அதில் பணிவு தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் மாசி மாதம் தேர்தல் அறிவித்தார்கள். நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. அமைச்சர்கள் அரசு நிறுவனங்களுக்குப் போகக்கூடாது. மையத்தின் சாலை வெறிச்சோடியது.

ஐந்தாவது வாரம் சவரிமுத்துவின் கைப்பட்டை மஞ்சளாக ஒளிர்ந்தது. ஆறாவது வாரம் சிவப்பு. காலையில் அருள்மேரி கேட்டார்.

"போச்சாடா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்க்கா. அளந்தா பாக்க முடியும்?"

அளந்துதான் பார்த்தார்கள். ஷாஹிதா பானு அளவுக் குவளையைக் கொடுத்தனுப்பினார். முன்பு ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் லிட்டர் போனவருக்கு இப்போது முக்கால் லிட்டர்கூடத் தேறவில்லை. முகம் வீங்கியது. ஒலிபெருக்கிக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறியவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

ஷாஹிதா மருந்தை ஆராய்ந்தார். கோளாறு மருந்தில்தான். சாலையோரச் செடிகளில் திருமேனின் வாரத்துக்கு வாரம் வற்றிக்கொண்டே வந்திருந்தது. கடைசியாக அறுத்த கட்டில் கண்ணாடி வீட்டுச் செடி அளவுக்குத்தான் இருந்தது. பழைய, வீரியமுள்ள மருந்து இருப்பில் மூன்று வாரத்துக்குத்தான் வரும், அதுவும் அரை அளவாகக் கொடுத்தால். அதற்கப்புறம் அணுக்கள் வரிசையாகப் பதவி உயர்வு பெற்று, அருள்மேரியின் சிறுநீரகத்தின் மேல் மனுப் போட ஆரம்பித்துவிடும்.

இயக்குநர் ஒரு குழு அமைத்தார். குழுவுக்கு அவரே தலைவர்.

சவரிமுத்து ரத்தம் கொடுக்க வந்த ஒரு திங்கட்கிழமை, ஷாஹிதாவின் அறைச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் செடியின் வீரியம் ஏறி இறங்கிய கோடு அது. மேடும் பள்ளமுமாக மலைத்தொடர் மாதிரி இருந்தது. ஒவ்வொரு சிகரத்துக்கும் கீழே தேதி.

"டாக்டரம்மா, எங்க புக்கிங் நோட்டை எதுக்குச் சுவத்துல ஒட்டியிருக்கீக?"

"புக்கிங் நோட்டா?"

"ஆமா. இந்தா, ஜூலை பதினாலு. அதுக்கு மூணு நாளு முன்னாடி மந்திரி வந்தாக. எக்கோ அடிக்குதுன்னு என்னைய வஞ்சாரு டைரக்டர் ஐயா. ஆகஸ்டு இருபத்திரண்டு. பத்தொம்பதாம் தேதி ஜப்பான்காரரு. செப்டம்பர் ஆறு, மூணாம் தேதி அந்த உயரமான மந்திரி, மைக்கை நிமித்தி நிமித்தி ஸ்டாண்டே போச்சு. எல்லாமே நம்ம பங்சனுக்கு மூணு நாள் தள்ளித்தான் இருக்கு."

நோட்டை எடுத்துவரச் சொல்லி ஒப்பிட்டார்கள். பன்னிரண்டு சிகரங்கள். பன்னிரண்டு விழாக்கள். முனைவர் பட்டம் பெற்ற ஏழு பேர் இரண்டு மாதமாக அந்த வரைபடத்துக்கு எதிரே டீ குடித்திருக்கிறார்கள்.

ஷாஹிதா இதை இயக்குநரிடம் கொண்டுபோனார். டாக்டர் திருமேனிநாதன் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அதில் ஒளி இருந்தது.

"விழா நாளில் இந்த வளாகத்தில் என்ன நடக்கிறது, ஷாஹிதா?"

"அதைத்தான் சார் பட்டியல் போடணும்."

"பட்டியல் தேவையில்லை. ஒவ்வொரு விழாவிலும் தவறாமல் நடப்பது என் உரை. ஒலி அலைகளுக்குத் தாவரங்கள் எதிர்வினை காட்டும் என்று நானே ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறேன்."

"சார், அது வந்து..."

"மைக்செட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்."

அப்படியாக, மூன்று நாள் காலை ஒன்பது மணிக்கு, டாக்டர் திருமேனிநாதன் கோட்டு சூட்டோடு தார்ச்சாலையின் ஓரத்தில் நின்று களைச்செடிகளுக்கு உரையாற்றினார். ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம். 'பெரியோர்களே' என்று தொடங்கி 'நன்றி, வணக்கம்' வரை எதையும் விடவில்லை. வீங்கிய காலோடு சவரிமுத்து ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருந்தது?" என்று இரண்டாம் நாள் அவரிடம் கேட்டார் இயக்குநர்.

"நல்லாருந்துச்சுங்கய்யா. ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல."

நான்காம் நாள் செடிகளைச் சோதித்தார்கள். திருமேனின் ஏறவில்லை. அங்கங்கே இலை கொஞ்சம் தொங்கியிருந்தது. அதற்கு வெயில் காரணம் என்று குழு பதிவு செய்தது.

அன்று சாயங்காலம் ஷாஹிதாவின் அறையைப் பெருக்க வந்த அருள்மேரி விளக்குமாற்றை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீக. செடிக்குக் காதா இருக்கு? பங்சனுக்கு மொத நாள் அதுக தலையில நாங்க பவுடரைக் கொட்டுறமே, அதை யாரும் யோசிக்கலையா?"

ஷாஹிதா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

செடிகள் அப்படித்தான். சொகுசாக வளர்த்தால் ஒன்றும் தராது. ஏதாவது துன்பம் வந்தால்தான் தற்காப்புக்கென்று புதுப்புதுச் சத்துகளைக் காய்ச்சும். படித்த பாடம்தான். ஆனால் கண்ணுக்கு முன்னால் வெள்ளைவெளேரென்று கிடக்கும் ஒன்றை மரியாதை என்று பெயரிட்டு வைத்திருந்தால், அது ரசாயனம் என்று யாருக்குத் தோன்றும்?

மறுநாளே வேதியியல் பிரிவிலிருந்து சுத்தமான ப்ளீச்சிங் பவுடரை வாங்கி, நூறு செடிகளின் மேல் ஷாஹிதா தன் கையாலேயே தூவினார். இரண்டு நாளில் நூறு செடிகளும் கருகின. கொஞ்சமாகத் தூவினார். கொஞ்சம் மெதுவாகக் கருகின.

இயக்குநருக்கு உள்ளூர நிம்மதி. "நான் அப்போதே நினைத்தேன். என் மூலக்கூறு கக்கூஸ் பவுடருக்குப் பிறந்திருக்க முடியாது" என்றார். எப்போதும் மேடைத் தமிழே பேசுகிறவர் வாயில் அந்தச் சொல் வந்ததிலிருந்து, அவர் எவ்வளவு பயந்து போயிருந்தார் என்று ஷாஹிதாவுக்குத் தெரிந்தது.

மருந்து இன்னும் பதினோரு நாளைக்கு இருந்தது. கருகிய செடிகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஷாஹிதாவின் கையைப் பார்த்து, அருள்மேரி அருகே வந்து உட்கார்ந்தார்.

"கையெல்லாம் வெடிச்சிருக்கே டாக்டரம்மா."

"பவுடர் பட்டதுக்கா. எரியுது."

அருள்மேரி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். விளக்குமாறு பிடித்த காய்ப்பு இருந்தது. வெடிப்பு இல்லை. புண் இல்லை.

"ஆறு வருசமா இங்கன பவுடர் போடுறேன், வெறுங்கையில."

ஷாஹிதா அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி முனிசிபாலிட்டியில இருந்தப்ப எனக்கும் இப்படித்தான் வெடிக்கும். ராத்திரி வேப்பெண்ணெய் போட்டுத்தான் தூங்குவேன். இங்க வந்த பெறகு கை ஆறிப்போச்சு. மொத நாளே தெரியும் எனக்கு, மூட்டையில இருக்கிறது பவுடரு இல்லன்னு."

"யார்கிட்டயும் சொல்லலையாக்கா?"

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா காண்ட்ராக்டரு என்னைய வேலைய விட்டுத் தூக்குவாரு. சொல்லலேன்னா கை வலிக்காது."

காண்ட்ராக்டரின் பெயர் வீரணன். மறுநாள் காலை ஸ்டோர் ரூமுக்கு வரச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டையும் பயந்த முகமுமாக வந்தார். மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று ஷாஹிதா கேட்டார்.

"அசல் ப்ளீச்சிங் பவுடர் மேடம். ஏ கிரேடு."

"வீரணன் சார், நான் குறை சொல்ல வரல. அது அசலா இருக்கக்கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டு இருக்கேன்."

"அதெப்படி மேடம்? நான் பொழைப்புல கலப்படம் பண்றவன் இல்ல."

"பண்ணியிருந்தா ரொம்ப நல்லது. ஒருத்தர் உயிர் பிழைக்கும்."

வீரணன் இருபது வருஷமாக அரசாங்கத்துக்குச் சரக்குப் போடுகிறவர். விசாரணைகளில் மிரட்டிக் கேட்பார்கள், நைச்சியமாகக் கேட்பார்கள். கலப்படம் செய்திருந்தால் பாராட்டுவோம் என்று யாரும் கேட்டதில்லை. இது புதுவகைப் பொறி என்று அவருக்குப் பட்டது. பையிலிருந்து தரச் சான்றிதழை எடுத்து நீட்டினார். 'பரிசோதிக்கப்பட்டது, தூய்மை 100 விழுக்காடு' என்பதற்குக் கீழே டாக்டர் திருமேனிநாதனின் கையெழுத்து.

"சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேன் மேடம். அசல்."

கதவோரம் நின்றிருந்த அருள்மேரி இரண்டடி முன்னால் வந்தார்.

"அண்ணே, உங்களை மாட்டிவிட வரல. சவரி உடம்புல ஓடுறது என் கிட்னி. பத்து நாள்ல அது செத்துப்போகும்கிறாக. ஒன்னைத்தான் குடுக்க முடிஞ்சுது, இன்னொன்னைக் குடுத்தா நான் இருக்க மாட்டேன். நீங்க என்னத்தைக் கலந்தீகளோ அதுலதான் அவன் இத்தனை நாளு ஒன்னுக்குப் போயிருக்கான். சொல்லுங்கண்ணே."

வீரணன் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தார். சவரிமுத்து அவர் மகளின் சடங்குக்கு மைக்செட் கட்டியவர்.

"கோலப்பொடி ரெண்டு பங்கு" என்றார் மெதுவாக. "செங்கச்சூளை சாம்பல் ஒரு பங்கு. கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைப் பங்கு. மேலாக்க மட்டும் ஒரு கைப்பிடி அசல் பவுடரு."

"அது எதுக்கு?"

"வாசத்துக்கு மேடம். பெரியவுக வந்தா மூக்குல ஏறணும்ல."

ஷாஹிதா எழுதிக்கொண்டார். அளவை மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை சொல்லும்போது வீரணனின் குரலில் லேசாக ஒரு பெருமை ஏறியிருந்தது. அந்த அளவில் ஒரு கூடை மட்டும் கலந்து தூவிப் பார்த்ததில், நான்காம் நாள் செடியில் திருமேனின் பொங்கியது.

இனிமேல்தான் பெரிய சிக்கல் என்று ஷாஹிதா எதிர்பார்த்தார். அவர் எதிர்பார்த்தபடியே இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஆறு வருஷமாக நான் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் பொய் என்று உலகத்துக்கு அறிவிக்கச் சொல்கிறீர்களா? கோலப்பொடி என்று ஆய்வேட்டில் எழுதச் சொல்கிறீர்களா?"

"மருந்து வேணும் சார்."

"மருந்து எனக்கும் வேண்டும். பெயரும் வேண்டும்."

ஷாஹிதா கொஞ்சம் யோசித்தார். இவரோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தது வீண் போகவில்லை. "கோலப்பொடின்னு எழுத வேண்டாம் சார். மும்மைக் கனிமத் தூண்டல் முறைன்னு எழுதலாம். உங்க பேரை முன்னாடி போட்டுக்கலாம்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருமேனிநாதன் மும்மைக் கனிமத் தூண்டல் முறை" என்று சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரம் சொன்னார். கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஸ்டோர் கீப்பர் மூட்டையைத் தரவில்லை. பிரமுகர் வருகை ஆணை இல்லாமல் தூள் வெளியே போக விதியில்லை. பிரமுகர் வரத் தேர்தல் நடத்தை விதிகளில் இடமில்லை. ஷாஹிதா விதிப் புத்தகத்தை வாங்கி நின்றபடியே படித்தார்.

"இதுல 'முக்கியப் பிரமுகர்'னு மட்டும்தான் போட்டிருக்கு. மந்திரின்னு இல்லையே."

"இல்லதான் மேடம். ஆனா யாராவது வரணும்ல?"

"வாராவாரம் திங்கட்கிழமை ஒருத்தர் ரத்தம் குடுக்க வர்றார்."

இப்படித்தான் சவரிமுத்து முக்கியப் பிரமுகர் ஆனார். ஆணையில் 'திரு. சவரிமுத்து, ஒலியியல் வல்லுநர்' என்று தட்டச்சு செய்தார்கள். திங்கட்கிழமை அவர் ஷேர் ஆட்டோவில் வந்து வாசலில் இறங்கியபோது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இருபுறமும் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். ஆட்டோவில் கூட வந்தவர்கள் திரும்பிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள்.

"இது என்னக்கா கூத்து?" என்றார் சவரிமுத்து, கோடு போட்டு முடித்துக் கூடையைத் தட்டிக்கொண்டிருந்த அக்காவிடம்.

"பேசாம நட. கோட்டை மிதிச்சிராத."

ஒவ்வொரு மூட்டையையும் பிரித்ததும் அருள்மேரி முதலில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். எரிந்தால் அது அசல், திருப்பி அனுப்பிவிடுவார். எரியாவிட்டால் மட்டும்தான் சாலைக்குப் போகும். அசல் சரக்கு போட்டுவிட்டால் திட்டு விழுகிற இந்தியாவின் ஒரே காண்ட்ராக்டராக வீரணன் ஆனார். கிடைத்த மரியாதையில் ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டு, மனசாட்சிப்படி நாலு மூட்டை சுத்தமான பவுடர் அனுப்பிவிட்டார். அருள்மேரி போனில் கிழித்துவிட்டார்.

புது மருந்து தயாராகி, சவரிமுத்து குடிக்க ஆரம்பித்து ஒன்பது நாள் ஆனது. கைப்பட்டை இன்னும் சிவப்பாகவே இருந்தது. இதற்கு மேல் ஏறவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அளவுக் குவளையில் விழுந்தது ஒரு டம்ளர்கூட இல்லை.

"நாளைக்கு ஒரு நாள் பாப்போம்கா" என்றார் ஷாஹிதா. "இல்லேன்னா செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போயி டயாலிசிஸ்தான். அதுக்கப்புறம் உங்க கிட்னியை எடுத்துர வேண்டி வரும்."

"எடுத்தா எனக்குத் திருப்பி வைக்க முடியுமா?"

"முடியாதுக்கா."

"பெறகு எதுக்கு எடுக்கணும்? அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அருள்மேரி. அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா என்று ஷாஹிதாவுக்குத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் இயக்குநர் விழா வைத்திருந்தார். முடிவு தெரிவதற்கு முன்பே வெற்றி விழா நடத்துவது மையத்தின் வழக்கம். முடிவு தெரிந்தபின் சிலசமயம் நடத்த முடிவதில்லை. பந்தல், பத்திரிகைக்காரர்கள், காமிரா. மேடையில் பின்னால் பெரிய துணியில் 'திருமேனிநாதன் மும்மைக் கனிமத் தூண்டல் முறை: உலக அறிமுகம்'. அமைச்சர்கள் வர முடியாததால் சிறப்பு விருந்தினர் சவரிமுத்து. மைக்செட்டும் சவரிமுத்துதான், அவருக்குத் தொழிலாளி இல்லை. ஆகவே சிறப்பு விருந்தினர் முதலில் வந்து தானே ஒயர் இழுத்து, தானே "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்து, பிறகு மேடையேறி நடு நாற்காலியில் உட்கார்ந்து பொன்னாடை வாங்கிக்கொண்டார். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. முதல் வரிசையில் ஷாஹிதா. பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கையெல்லாம் வெள்ளையாக, அருள்மேரி. காலையில் அவர் தம்பியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பதிலைக் கேட்கத் தைரியமில்லை.

இயக்குநர் பேச எழுந்தார்.

"பெரியோர்களே. நெருப்பைக் கண்டுபிடித்த மனிதனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்குமா? சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்குத் தெரிந்திருக்குமா? எனக்குத் தெரிந்திருந்தது."

கைதட்டினார்கள். நெருப்பிலிருந்து சக்கரத்துக்கும் சக்கரத்திலிருந்து நிலாவுக்கும் வருவதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. இந்த மண்ணின் தொன்மை வந்தது. வீரணன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, மும்மை என்ற சொல் வரும்போதெல்லாம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இந்த நூற்றாண்டின் எஞ்சிய வரலாறு, இனி இந்த மேடையிலிருந்துதான்..."

அப்போது சிறப்பு விருந்தினர் எழுந்தார்.

பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. அதை எடுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இயக்குநருக்கும் மைக்குக்கும் நடுவே குனிந்து புகுந்து, மேடையின் படிகளில் அவசரமாக இறங்கி, பந்தலைத் தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போனார். காமிராக்கள் அவர் பின்னால் திரும்பின. அருள்மேரி கம்பத்தை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடினார். ஷாஹிதா எழுந்து நின்றுவிட்டார்.

கூட்டம் சலசலத்தது. இயக்குநர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

"நண்பர்களே, பொறுங்கள். ஓர் எளிய மனிதர், வரலாற்றின் கனத்தைத் தாங்க முடியாமல், நெஞ்சு விம்மி, இந்த மேடையைவிட்டு விலகுவதை இப்போது நீங்கள் கண்டீர்கள். என் சொற்கள் அவரை அந்த அளவுக்கு..."

பந்தலின் கடைசியில் அருள்மேரி திரும்பி வந்து நின்றார். கழிப்பறைக் கதவுக்கு வெளியே காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்திருந்தார். நெடுநேரம் கேட்டிருக்கிறார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கோலப்பொடி. ஷாஹிதாவைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார்.

சவரிமுத்து ஒன்றுக்குப் போயிருந்தார்.